ஆண்டியப்பனைக் கூப்பிடாதீங்க

எம்பத்தி நாலாம் வருசம், தீவாளி முடிஞ்ச கையோட, என் தங்கச்சி ஆண்டாள் சிங்கப்பூர்லேருந்து வந்து, எங்க மலை டவுனு தானா ராத்தா பஸ் ஸ்டாண்டுல எறங்கினா. முட்டிக்குக் கீழ பாவாடை, கம்பளிச் சட்டை, கழுத்துல நீல மப்ளர். என்னைப் பாத்ததும் ஓடி வந்து கட்டிக்கிட்டா, ஆனா வாயத் தொறக்கல. நான்தான் ரெண்டு பேருக்கும் சேத்துப் பேசினேன். பேசுறதுல இந்த அம்மாக்கண்ணுக்கு என்னைக்கும் கொறச்சல் இருந்ததில்ல.

பொறந்தப்ப அவ ஆண்டியப்பன். அவ தங்கச்சிதான்னு எனக்கு வெளங்குறதுக்குக் கொஞ்ச வருசம் ஆச்சு. வெளங்கினப்புறம் ஒரு நாளும் மாத்திக் கூப்பிட்டதில்ல. கோலாலம்பூர்ல தையக் கடை போட்டு நல்லாத்தான் இருந்தா. சீலை கட்டிக்கிட்டு நடந்தா நாலு பேர் திரும்பிப் பாப்பாங்க. வாயத் தொறந்தாத்தான் வென. அந்தக் கொரல் அப்படி, கெணத்துக்குள்ளேருந்து பேசுற மாதிரி இருக்கும். டிக்கெட் கேட்டா கண்டக்டர் கேலி பண்ணுவான், பாசார்ல மீன் வெல கேட்டா கடைக்காரன் காறித் துப்புவான். ஒரு தடவ பஸ்ஸுலேருந்து புடிச்சுத் தள்ளி மண்டைய ஒடச்சுட்டானுங்க. அதுக்கப்புறம் அவ வெளிய பேசுறதையே விட்டுட்டா. சிங்கப்பூர்ல ஒரு டாக்டர், ஜப்பானுக்குப் போயிப் படிச்சவராம், கொரல மாத்தித் தர்றாருன்னு கேள்விப்பட்டு, பாஸ்போர்ட் எடுத்துத் தனியாவே போயி கழுத்த நீட்டிட்டு வந்திருக்கா. தைரியக்காரி.

தொண்டைக்குள்ள எலும்ப நூல் போட்டு இழுத்துக் கட்டியிருக்காங்களாம். உள்ள சதை புடிக்கிற வரைக்கும் பேசக் கூடாது, குசுகுசுன்னுகூடப் பேசக் கூடாது. இருமல் வந்தா வெந்நி குடிச்சு அடக்கணும். ஒரு தடவ கத்தினா போதும், நூல் அறுந்து பழைய கொரலே வந்துடும், மறுபடி தைக்கவும் முடியாது. போறதுக்கு முன்னாடியே இதெல்லாம் எனக்கு வெளக்கிச் சொல்லித்தான் போனா. குளிர்ச்சியான எடத்துல ஓய்வா இருன்னு டாக்டர் சொன்னதால என் வீட்டுக்கு வந்தா. பிரிஞ்சாங் ஊரத் தாண்டி எங்க தேயிலத் தோட்டம். வேலைக்காரங்க குடியிருக்கிற லயத்துல கடைசி வீடு என்னோடது, பின்னால காடு.

குளிர்ச்சிக்குக் கொறச்சல் இல்லதான். மனுசங்கதான் சரியில்ல. டெக்சிய விட்டு எறங்கினதும் பக்கத்து வீட்டுத் தெரசம்மாள் சிலுவை போட்டுக்கிட்டு உள்ள போயிக் கதவச் சாத்தினா. மழையில என் வீடு ஒழுகினாக்கூட ஓடி வர்றவ. எங்கள வேல வாங்குற கங்காணி கருப்பையா மட்டும் வாசல்ல நின்னு மேலயும் கீழயும் பாத்தாரு.

"என்னம்மா அம்மாக்கண்ணு, தம்பிக்குக் கழுத்துல என்ன காயம்?"

"தங்கச்சிக்கு," ன்னேன்.

"சரிலா, என்னமோ ஒண்ணு," ன்னு சிரிச்சுட்டுப் போனாரு.

மறுநாள் மத்தியானம் மலையில பனி எறங்கிடுச்சு. எங்க மலையில பனி எறங்கினா பக்கத்து நெரையில நிக்கிறவளக்கூடத் தெரியாது, கால் வழுக்கினா நேரா ஓடையிலதான் விழணும். அதனால ஒரு வழக்கம் உண்டு. கங்காணி மேட்டுல நின்னு ஒவ்வொரு பேரா கூப்பிடுவாரு. கூப்பிட்ட ஆளு "இருக்கேன்" னு சத்தம் குடுக்கணும். சத்தம் குடுத்த ஆளு எல்லாரும் எறங்கினப்புறம்தான் மலையச் சாத்திட்டு கங்காணி எறங்குவாரு. முந்தி ஆண்டாள் எங்ககூட கொழுந்து எடுத்த காலத்துல, அவ குடுக்குற சத்தந்தான் எங்களுக்கெல்லாம் வழிகாட்டி. அந்தக் கொரலப் புடிச்சுக்கிட்டே எறங்கிடுவோம்.

அன்னைக்கு எல்லாப் பேரும் முடிஞ்சுது. கங்காணிக்கு வாய் சும்மா இருக்கல.

"ஆண்டியப்பன்!" னு கூப்பிட்டாரு.

நெர நெரையா சிரிப்பு. எனக்கு வந்துச்சே கோவம், கூடைய எறக்கி வச்சிட்டு நல்லா நாலு கேக்கலாம்னு வாயத் தொறந்தேன்.

"இருக்கேன்."

மேலேருந்து வந்துச்சு. கடைசி நெரைக்கும் மேல, காட்டு ஓரத்துலேருந்து. அங்க யாருக்கும் வேல கெடையாது.

அந்தக் கொரல எனக்குத் தெரியாதா? கூடவே பொறந்தவ நான். அது ஆண்டாளோட பழைய கொரல்தான், ஒரு மாத்தமும் இல்ல.

சிரிப்பு நின்னு போச்சு. பனிக்குள்ளேருந்து டிஞ்சர் வாசனை வந்துச்சு, ஆஸ்பத்திரி வார்டுல அடிக்குமே, அந்த வாசனை. நான் கூடைய அப்படியே போட்டுட்டு வழுக்கி விழுந்து எந்திரிச்சு வீட்டுக்கு ஓடினேன். ஆண்டாள் அடுப்புப் பக்கம் உக்காந்து வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தா. காலத் தொட்டுப் பாத்தேன். காஞ்சு, கதகதன்னு இருந்துச்சு, பனியில நடந்த காலு இல்ல.

கங்காணி அந்தப் பேருக்காகக் காத்திருக்காம மலையச் சாத்திட்டு எறங்கிட்டாரு. சத்தம் குடுத்த ஆள மேல விட்டுட்டு எங்க மலையில யாரும் எறங்கினதில்ல. கூட்டிட்டு வர ஆளில்லன்னா அது தானா எறங்காதா?

லயத்துக்கு இது வெளையாட்டாப் போச்சு. ஆண்டாள் எங்கயோ ஒளிஞ்சு நின்னு சத்தம் குடுக்குறா, ஆபரேசன் எல்லாம் பொய்னு முடிவு கட்டிட்டாங்க. தண்ணிக் கொழாயில நின்னுக்கிட்டு ஒருத்தி கூப்பிடுவா, வெறகு பொறக்கப் போற எடத்துல ஒருத்தன் கூப்பிடுவான். ஒவ்வொரு தடவையும் பதில் வரும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கிட்டக்க வரும். மொத நாள் காட்டோரம். அப்புறம் மேட்டுத் தொட்டிக்குப் பின்னால. அப்புறம் எங்க லயத்துக் கக்கூஸ் பக்கம்.

"கூப்பிடாதீங்கடி, பாவிங்களா! நீங்க கூப்பிடக் கூப்பிடத்தான் அது வருது!" ன்னு நான் கத்தினேன். யாரு கேட்டா? கோயிலுக்கு வரக் கூடாதுன்னாங்க. தகரக் கூரையில கல்லு விழுந்துச்சு. தெரசம்மாள், நான் குடுத்த கொழம்பத் தொடாமக் கிண்ணத்தோட வாசல்ல கொண்டாந்து வச்சுட்டுப் போனா.

ஆண்டாள் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தா. அவளால ஒரு வார்த்த திருப்பிச் சொல்ல முடியல. நானாயிருந்தா செத்திருப்பேன்.

ஒரு ஞாயித்துக்கெழம, வேலையில்ல. சாப்பாடு போட்டு ரெண்டு பேரும் எதிரெதிரா உக்காந்திருந்தோம். வெளிய பனி சன்னல் வரைக்கும் வந்து நின்னுச்சு. ஆண்டாள் ஒரு வாய் சோத்த எடுத்து வாயில வச்சா.

"அக்கா, எனக்கு?"

வெறகு அடுக்குக்குப் பின்னாலேருந்து.

ஆண்டாள் கையி அப்படியே நின்னுச்சு. கண்ணு ரெண்டும் வெளிய வந்துடும் போல இருந்துச்சு. கழுத்து நரம்பு பொடைச்சிச்சு. கத்தப் போறான்னு தெரிஞ்சு போச்சு எனக்கு.

"கத்தாத! என் ராசாத்தி, கத்தாத!" ன்னு பாஞ்சு என் முந்தானைய அவ வாயில திணிச்சேன். பல்ல நறநறன்னு கடிச்சுக்கிட்டா.

"எறங்கி வந்துட்டேன் அக்கா," ன்னுச்சு அது. கோவமும் இல்ல, அழுகையும் இல்ல. "இருக்க எடம் இல்ல. அவளக் கொஞ்சம் வாயத் தொறக்கச் சொல்லு."

அந்த நேரம் பாத்து வாசல்ல கதவு இடிபட்டுச்சு. கருப்பையா, கூட ஏழெட்டு ஆம்பளைங்க, பின்னால தெரசம்மாள்.

"உள்ள ஆம்பளச் சத்தம் கேட்டுச்சு. இன்னைக்கு ஒரு முடிவு தெரியணும்," ன்னாரு கங்காணி. "ஏய், ஒரு வார்த்த பேசு. பொம்பளக் கொரல்ல பேசிட்டா நாங்க பேசாமப் போயிடுறோம்."

"அவ பேசக் கூடாதுய்யா! நூல் அறுந்துடும்!"

"நூலாவது, கயிறாவது! பேசச் சொல்லுலா!"

எனக்கு வேற வழி தெரியல. ஆண்டாள வாசல் வெளிச்சத்துக்கு இழுத்து, எல்லாரும் பாக்குற மாதிரி என் உள்ளங்கைய அவ வாய் மேல அழுத்திப் புடிச்சேன். மப்ளர அவுத்துக் கழுத்துக் கட்டயும் காமிச்சேன்.

"இப்பக் கூப்பிடுங்க," ன்னேன்.

யாரும் கூப்பிடல.

"என்ன கங்காணி, நீங்கதானே மொதல்ல கூப்பிட்டீங்க? நாந்தான் வந்துட்டேனே," ன்னுச்சு கொரல்.

அவருக்கும் எனக்கும் நடுவுலேருந்து வந்துச்சு. வெறும் காத்துலேருந்து. அவர் மூஞ்சியில அந்த மூச்சு பட்டுருக்கணும், கன்னத்தத் தொடச்சுக்கிட்டாரு. தெரசம்மாள் "யேசுவே" ன்னு அலறினா. அத்தன பேரும் பனிக்குள்ள விழுந்தடிச்சு ஓடினாங்க. செருப்பெல்லாம் வாசல்லயே கெடந்துச்சு.

அவங்க போயிட்டாங்க. அது போகல.

என் கைக்குள்ள ஆண்டாளுக்கு இருமல் வந்துச்சு. சாதா இருமல் இல்ல. கழுத்துக் கட்டுக்கு மேல, தோலுக்கு அடியில, என்னமோ மேலயும் கீழயும் வழி தேடுச்சு. கட்டுல ரத்தம் பொட்டுப் பொட்டா கசிஞ்சுது. அவ என் கையப் புடிச்சுக்கிட்டு என்னையே பாத்தா. காப்பாத்து அக்கான்னு கேக்குற பார்வ. பஸ்ஸுலேருந்து தள்ளின அன்னைக்கும் இப்படித்தான் பாத்தா. அன்னைக்கு என்னால ஒண்ணும் பண்ண முடியல.

அவளத் தள்ளிப் படுக்க வச்சுக் கம்பளியத் தலையோட போத்தி, ரெண்டு காதையும் பொத்திக்கச் சொன்னேன். வெறகுப் பக்கம் திரும்பி நின்னேன். மலையில கூப்பிடுற மாதிரியே கூப்பிட்டேன்.

"ஆண்டியப்பா!"

"இருக்கேன்," ன்னுச்சு.

"அவள விட்டுடு. இங்க எடம் இருக்கு. வா."

வாயத் தொறந்து வச்சுக்கிட்டு நின்னேன்.

பனிக்கட்டிய முழுசா முழுங்கின மாதிரி ஒண்ணு எறங்குச்சு. நாக்குல டிஞ்சர் கசப்பு. அப்புறம் ஒண்ணுமே இல்ல. ஆண்டாளுக்கு இருமல் நின்னு போச்சு. ரத்தமும் நின்னு போச்சு. அவ தூங்கிட்டா.

நான் பின்கட்டுக்குப் போயி, அங்க கட்டியிருந்த ஆட்டுக்குட்டியப் பாத்து, "வா, புல்லு போடுறேன்" னேன்.

ஆட்டுக்குட்டி கயித்த அறுத்துக்கிட்டு ஓடுச்சு. கெணத்துக்குள்ளேருந்து பேசுற மாதிரி இருந்துச்சு என் பேச்சு.

அன்னைக்கு மூடின வாய்தான். மாரியாயிக்கு மௌன விரதம்னு ஆண்டாளுக்கு சாடை காட்டினேன். தனக்காகத்தான் விரதம்னு நெனச்சுக் கையெடுத்துக் கும்பிட்டா பைத்தியக்காரி. ரெண்டு ஊமைங்களும் அடுப்படியில உக்காந்து பூண்டு உரிச்சோம், சாடையிலயே சண்ட போட்டோம், சிரிப்ப அடக்கிக்கிட்டுக் கெடந்தோம். என் வாழ்க்கையில அதவிட நல்ல நாளு இல்ல. காயம் ஆறினதும் அவ சிங்கப்பூருக்குப் போயி டாக்டரப் பாத்துட்டு, அப்படியே கோலாலம்பூர்ல கடையத் தொறந்துட்டா.

பனியில சத்தம் குடுக்க முடியாதவள மலைக்கு அனுப்ப மாட்டாங்க. ஆபீஸக் கூட்டித் தொடைக்கப் போட்டுட்டாங்க. கருப்பையா என்னைக் கண்டா சுத்திப் போயிடுறாரு. எனக்கு அதுல ஒரு வருத்தமும் இல்ல.

ஒரு நாள் காலையில ஆபீஸ் போன் அடிச்சுது. கணக்கு எழுதுற கிராணி எடுத்தாரு. "அம்மாக்கண்ணு, உன் தங்கச்சி. நீ பேச வேணாம், கேட்டுக்க மட்டும் செய்" னு காதுல வச்சாரு.

"அக்கா."

சன்னமான கொரல். ஓரத்துல கொஞ்சம் கரகரப்பு. பொம்பளக் கொரல், என் தங்கச்சியோட கொரல். எனக்குக் கண்ணுல தண்ணி முட்டிக்கிச்சு.

"அக்கா, கேக்குதா? இன்னைக்கு பஸ்ஸுல சத்தமாவே டிக்கெட் கேட்டேன். கண்டக்டர் என்ன சொன்னான் தெரியுமா? 'தள்ளி உள்ள போம்மா' ன்னு வையிறான் அக்கா! மத்த பொம்பளைங்கள வையிற மாதிரியே வையிறான்!"

சந்தோசம் தாங்காம நான் சிரிச்சுட்டேன்.

கிராணி நாற்காலியோட பின்னால நகந்தாரு. எனக்கே கேட்டுச்சு. நெஞ்சுக்குள்ளேருந்து வந்த ஆம்பளச் சிரிப்பு.

"அக்கா... பக்கத்துல யாரு?"

நான் வாயப் பொத்திக்கிட்டேன்.

"அந்தச் சிரிப்பு... எனக்குத் தெரியுமே. அக்கா, அது ஆண்டி—"

டமார்னு போன வச்சுட்டேன்.

அவ மட்டும் அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட்டா போதும். என்கிட்ட இருக்கிறது எரவல் எடந்தான், அது பொறந்து வளந்த தொண்ட அவளோடது. முழுப் பேரும் அவ வாயிலேருந்து வந்துட்டா ஒரு நிமிசம் என்கிட்ட நிக்காது, அவ தொண்டைக்கே போயிடும்.

அதுலேருந்து அவ போன்ல கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. நான் எடுக்கிறதில்ல. அக்காவுக்கு என் மேல என்ன கோவம்னு கிராணிகிட்ட கேட்டு அழுதாளாம். ஆனா அழட்டும். அந்தப் புதுக் கொரல்லயே அழட்டும்.

போன் அடிக்கிறப்பல்லாம் என் தொண்டைக்குள்ள அது எந்திரிச்சு உக்காரும். பல்லக் கடிச்சுக்கிட்டு மணி நிக்கிற வரைக்கும் தரையத் தொடைப்பேன்.

நேத்து மணி அடிக்கிறதுக்கு முன்னாடியே அது எந்திரிச்சிடுச்சு. தொடப்பத்தப் புடிச்சிருந்த என் கையி அந்தப் போன எடுக்கப் பாதி தூரம் போயிருந்துச்சு.