நீலமாக நிற்க வேண்டியது

தொட்டிக்குள் தொங்கிய கண்ணாடிக் குமிழ் நீலமாக இருந்திருக்க வேண்டும். காலையில் ஜெபிஷ் விளக்கைப் போட்டபோது அது பச்சையாக இருந்தது.

குனிந்து பார்த்தான். நெல்லிக்காய் அளவுதான் இருக்கும். அதன் வயிற்றில் அரை மிடறு திரவம். தண்ணீரில் கரியமில வாயு இல்லையென்றால் திரவம் நீலம். செடிகளுக்குப் போதுமான வாயு இருந்தால் பச்சை. மீன்களுக்கு மூச்சு முட்டும் அளவுக்குக் கூடினால் மஞ்சள். வடசேரியில் மீன்தொட்டிக் கடை வைத்திருக்கும் ஷரீஃப் அதைப் பஞ்சில் பொதிந்து கொடுத்தபோது சொல்லியிருந்தார்: "எந்த மெஷினு வேணும்னு பொறவு பாக்கலாம் தம்பி. முதல்ல ஒண்ணும் மாட்டாம இத மட்டும் தொங்க விடுங்க. நீலமாட்டு நிக்கணும். அங்கேருந்துதான் நமக்குக் கணக்கு."

அவன் ஒன்றும் மாட்டியிருக்கவில்லை. தொட்டிக்கு வாயு கொடுக்கும் எதுவும் வீட்டில் இல்லை.

வெளியே வைகாசி நடுவில் பிடிக்கும் இடவப்பாதி மழை தென்னோலைகளின் மேல் இரைந்துகொண்டிருந்தது. இராஜாக்கமங்கலம் சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருந்த அந்த வீட்டில் மழைக்காலத்தில் உப்பும் ஈரச் சிமெண்டும் கலந்த வாடை வரும். ஆனால் இந்த அறைக்குள் மட்டும் அது வருவதில்லை. இங்கே தைலமும் மருத்துவமனை ஸ்பிரிட்டும் தலைக்குத் தேய்க்கும் தேங்காய் எண்ணெயும் சேர்ந்த வேறொரு வாடை, மூடிய ஜன்னல்களுக்குள் அசையாமல் கிடந்தது. அது போய்விடக் கூடாது என்றுதான் மனைவி ஆன்ஸ்லின் இறந்த நாளிலிருந்து அவன் ஜன்னலைத் திறக்கவில்லை. தானும் அங்கே படுக்கவில்லை. கூடத்தில் பாய் விரித்துக்கொண்டான். தொட்டிக்கு விளக்குப் போடவும் அணைக்கவும் மட்டும் உள்ளே வந்தான்.

ஐந்தடித் தொட்டி. முதலில் கூடத்தில்தான் இருந்தது. நுரையீரல் சுருங்கும் நோயில் அவள் எழுந்து நடக்க முடியாமல் போனபோது, படுத்தபடியே பார்க்கட்டும் என்று ஆள்வைத்து இந்த அறைக்கு மாற்றினான். மீன்களில் அவளுக்குப் பெரிய ஆர்வம் இருந்ததில்லை. செடிகள்தான் எல்லாம். நீருக்கடியில் ஒரு சின்னக் காட்டையே நட்டு வைத்திருந்தாள். அவள் போன பிறகு இலைகள் வெளுத்தன. ஓரங்களில் கறுப்புப் பாசி மயிர் மயிராகப் படிந்தது. அலமாரியில் அவளுடைய சேலைகள் அப்படியே இருந்தன. சுவரில் படம் அப்படியே இருந்தது. அவளுடையவற்றில் இன்னும் வளர்ந்துகொண்டிருந்தது அந்தக் காடு மட்டும்தான். அதுவும் சாகத் தொடங்கியபோதுதான் ஜெபிஷ் கடைக்குப் போனான்.

மறுபடியும் போனான்.

"பச்சையா?" ஷரீஃப் ஒரு தங்கமீனைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டே கேட்டார். "அந்த ரூம்ல எத்தன பேரு படுக்கிய?"

"யாரும் இல்ல காக்கா." ஷரீஃபை அண்ணன் முறையில் அப்படித்தான் கூப்பிடுவான்.

"ஜன்னலு?"

"அடச்சுதான் கெடக்கு."

"அடச்சிட்டு ஒரு கல்யாண வீட்டு ஆளு மொத்தமும் படுத்து மூச்சு விட்டாலும் அந்தப் பச்சை வராதே." அவர் கொஞ்சம் யோசித்தார். "திரவம் பழசாட்டு இருக்கும். வேற தாறேன். வாங்க, சாதனத்தப் பாப்போம்."

கடையின் பின்பக்கம் கூட்டிப்போனார். "மூணு வழி உண்டு. குப்பியில சீனியும் ஈஸ்டும் போட்டுப் புளிக்க வைக்கது ஒண்ணு. அது கள்ளுப்பானை மாதிரியாக்கும், ஒருநாள் பொங்கும், ஒருநாள் சும்மா கெடக்கும். சிட்ரிக் ஆசிடும் சோடா உப்பும் கலக்குத ஸ்டீல் குப்பி ரெண்டாவது. ஒங்க அஞ்சடித் தொட்டிக்கு அது எங்க காணும்? சிலிண்டருதான் சரி. லைட்டு அணையும்போ வாயுவும் தன்னால நிக்கும். துபாயில ஒரு ஷேக்கு வீட்டுல இதத்தான் மாட்டுனேன். ஷேக்கு ஒருநாளும் அந்தத் தொட்டியத் திரும்பிப் பாக்கல, அது வேற விசயம்."

சிலிண்டரின் கழுத்தில் ஒரு மீட்டர். மீட்டரிலிருந்து இறங்கும் குழாயில் விரல் தடிமனில் ஒரு கண்ணாடிக் குப்பி. வாயு எவ்வளவு போகிறது என்று தெரிவதற்காக அதற்குள் குமிழ் குமிழாக வரும் என்றார். திருகிக் காட்டினார். ளுக். ளுக். ளுக்.

ஜெபிஷ் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஆன்ஸ்லினின் கட்டில் தலைமாட்டில் ஆக்சிஜன் குப்பி இப்படித்தான் கொப்பளித்துக்கொண்டிருந்தது. டாக்டர் அவனைத் தனியே கூப்பிட்டு விளக்கியிருந்தார். உள்ளே போகிற காற்று போதவில்லை என்பது பாதிதான். வெளியே விட வேண்டியதை அவளால் விட முடியவில்லை. கரியமில வாயு உடம்பிலேயே தங்குகிறது. தங்கத் தங்கத் தூக்கம் வரும். ஒரு தூக்கத்தில் அப்படியே போய்விடுவார்கள். அப்படியேதான் போனாள்.

"எடுத்து வைக்கட்டா தம்பி?"

"நாளைக்குச் சொல்லுதேன் காக்கா."

"சரி. ஒரு காரியம் செய்யுங்க. அந்த வாயு எடை கூடினதாக்கும். தண்ணி மாதிரி தரையோட கெடக்கும். எங்கேருந்தாவது வருதான்னு சந்தேகம் இருந்தா இந்தக் குமிழக் காத்துலயே தொங்க விட்டுப் பாருங்க. கிட்டப் போவப் போவ நெறம் மாறும்."

வீட்டுக்கு வந்து புதுத் திரவத்தை ஊற்றினான். நல்ல நீலம். நூலில் கட்டி முதலில் ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டான். பிறகு கூடத்தில் உட்கார்ந்து, மஸ்கட் கம்பெனிக்கு அனுப்ப வேண்டிய கட்டட வரைபடத்தைக் கணினியில் திருத்தினான். மதியம் சோறு வைத்துத் தின்றுவிட்டு வந்து பார்த்தான். நீலம். தொட்டியின் விளிம்பில் தொங்கவிட்டான். மாலையில் பச்சை. தொட்டிக்கும் கட்டிலுக்கும் நடுவே நாற்காலி போட்டு அதில் கட்டினான். மறுநாள் விடிந்தபோது இளமஞ்சள்.

மிஞ்சியிருந்தது கட்டில்தான்.

தலையணைக்கு மேல் நூலைக் கட்டினான். கதவைச் சாத்திவிட்டு வந்து பால் சேர்க்காமல் ஒரு கட்டஞ்சாயா போட்டான். அதைக் குடித்து முடிக்கும் முன்பே போய்ப் பார்த்தான். நிறம் மாற அரை நாளாவது ஆகும்.

மாறியிருந்தது. மஞ்சள். முட்டைக் கரு போல அடர்ந்த மஞ்சள்.

அவன் தொட்டியைத் திரும்பிப் பார்த்தான். வெளுத்த இலைகளின் நடுவே புதிய குருத்துகள் சிவப்பாக விரிந்திருந்தன. ஒவ்வோர் இலை நுனியிலும் ஒரு குமிழி முத்துப்போல் ஒட்டியிருந்தது. செடிகள் நிறைவாக மூச்சுவிடும்போது அப்படி வரும் என்று ஆன்ஸ்லின் சொல்வாள். அவன் தொட்டியின் முன் தரையில் உட்கார்ந்தான். நெடுநேரம் உட்கார்ந்திருந்தான்.

சாயங்காலம் புதுக்கடை ஊரிலிருந்து பெபிஷா வீடியோவில் கூப்பிட்டாள். ஆன்ஸ்லினின் தங்கை.

"அத்தான், மீனுக்கு எதாம் போட்டியளா? இல்ல அதுவும் ஒங்கள மாதிரி கட்டஞ்சாயா குடிச்சிட்டு கெடக்கா?"

"போட்டேன்."

"அம்ம சொல்லுது, அந்த வீட்டப் பூட்டிட்டு இங்க வரச் சொல்லி. தொட்டிய யாருக்காவது குடுத்திரலாம்னு."

"தொட்டி நல்லாருக்கு. பாரு." போனைத் திருப்பிக் காட்டினான்.

அவள் திரைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுவந்து பார்த்தாள். "அக்கா இருந்தப்பக்கூட இப்பிடி இல்லியே அத்தான்." பிறகு, "அங்க என்ன சத்தம்?"

"மழை."

"மழை இல்ல. சைக்கிள் டயருல காத்து எறங்குனா கேக்கும்லா, அது மாதிரி. ஒங்களுக்குக் கேக்கலியா?"

அவனுக்குக் கேட்டிருக்கவில்லை. போனை வைத்த பிறகு கேட்டது. மழை ஓய்ந்து, கூரை நீர் சொட்டி முடித்து, தொட்டியின் பில்டர் மட்டும் முனகிக்கொண்டிருந்தபோது, அந்த முனகலுக்கு அடியில், கட்டில் பக்கமிருந்து, மெல்லியதாக, ஈரமாக, முடிவில்லாமல் வெளியே வந்துகொண்டிருக்கும் ஒரு மூச்சு. வெளியே மட்டும். உள்ளே இழுப்பது இல்லை. இத்தனை மாதம் அவளால் விட முடியாமல் போனதெல்லாம்.

அவனுக்குப் பயமாக இருந்தது. ஆனால் அந்தப் பயத்துக்குள் வேறொன்றும் இருந்தது. வீட்டில் இன்னொருவர் இருப்பதன் இதம்.

மறுநாள் அவனே ஷரீஃபைக் கூப்பிட்டான். "சிலிண்டர் வேண்டாம் காக்கா."

"வேற எங்கயும் வாங்கிட்டியளா?"

"இல்ல. வீட்டுலயே இருக்கு."

"வீட்டுலயா? என்ன சாதனம்?"

ஜெபிஷ் போனை அணைத்தான்.

செய்ய வேண்டியது தெளிவாக இருந்தது. வாயு வெளியேறினால் செடிகளுக்குக் குறையும். ஜன்னலின் மேல் கனத்த பாலிதீன் தாளை விரித்து நான்கு பக்கமும் டேப் ஒட்டினான். மேலே இருந்த காற்றுத் துவாரத்தில் பழைய தலையணை உறையைத் திணித்தான். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. அவற்றை வலையால் அள்ளி, பின்வாசலில் ஒரு பெரிய வாளியில் விட்டான். இனி காடு மட்டும். பிறகு கூடத்திலிருந்த பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து கட்டிலை ஒட்டித் தரையில் விரித்தான். கதவைச் சாத்தி, அடியில் ஈரத் துண்டைச் செருகினான்.

அன்று அவள் போன பிறகு முதல் முறையாக நன்றாகத் தூங்கினான். எழுந்தபோது தலை கனத்தது. நாக்கு தடித்திருந்தது. அதன் பிறகு வந்த நாட்களில் வரைபடங்கள் அப்படியே கிடந்தன. மஸ்கட்டிலிருந்து அழைப்புகள் வந்து ஓய்ந்தன. பகலும் தூக்கம், இடையில் சாயா, மறுபடியும் தூக்கம். செடிகள் நீர்மட்டத்தைத் தாண்டித் தலை நீட்டின. கொடிகள் தொட்டியின் விளிம்பில் மடங்கி வெளியே தொங்கின. எல்லாம் கட்டில் இருந்த பக்கமாகவே வளர்ந்தன. கண் விழிக்கும்போதெல்லாம் அந்த மூச்சு இருந்தது. டயரில் காற்று இறங்குவது போல. அவன் அதற்குப் பழகினான். சில சமயம் அதோடு பேசினான். "இன்னும் எவ்வளவு வச்சிருக்க?" என்று ஒருமுறை கேட்டான்.

மழை மறுபடியும் பிடித்த ஒரு சாயங்காலம், இருட்டுக் கட்டும் நேரத்தில் கரண்ட் போனது.

விளக்கு அணைந்தது. பில்டரின் முனகல் தேய்ந்து நின்றது. ஜன்னல் தாளில் சாம்பல் நிற வெளிச்சம் மட்டும் மிஞ்சியது. ஜெபிஷ் பாயில் மல்லாந்து கிடந்தபடி காதைத் தீட்டினான்.

மூச்சு வந்துகொண்டிருந்தது. மெலிந்து. இன்னும் மெலிந்து. நூலாக.

நின்றது.

அவன் காத்திருந்தான். மழையும் அந்த நேரம் ஓய்ந்திருந்தது. இலை நுனிகளிலிருந்து குமிழிகள் விடுபட்டு மேலே வந்து உடையும் சத்தம்கூடக் கேட்டது. முடிந்துவிட்டது என்று நினைத்தான். அவளுக்குள் தங்கியதெல்லாம் வெளியே வந்துவிட்டது. இனி அவளுக்குச் சிரமம் இல்லை. கண்ணில் நீர் வந்தது. அதற்காக அவன் எவ்வளவோ நாள் காத்திருந்தான்.

முழுக்க வெளியே விட்டவர்கள் அடுத்து என்ன செய்வார்கள் என்று அவன் யோசிக்கவில்லை.

முதலில் ஜன்னல் தாள் முறுகியது. பார்த்தான். வெளியிலிருந்து யாரோ தள்ளுவது போல அது உள்பக்கம் புடைத்தது. காற்றடிக்கிறது என்று நினைத்தான். காற்று இல்லை. தாள் புடைத்தபடியே நின்றது.

துவாரத்தில் திணித்த தலையணை உறை நழுவி விழவில்லை. பறந்தது. கட்டில் மேல் போய் விழுந்தது.

கொடிகள் அசைந்தன. எல்லா இலைகளும் ஒரே பக்கம் படுத்தன. தொட்டியின் நீர் ஒரு பக்கமாக ஏறி நின்றது. சிந்தவில்லை. சாய்ந்து நின்றது.

சத்தம் வந்தது. இழுக்கும் சத்தம்.

எழ வேண்டும். கதவு நான்கடி தூரம். கால்கள் வரவில்லை. துண்டு. கதவடியில் அவனே செருகிய துண்டு.

"ஆன்ஸி."

பெயர் வாயிலிருந்து வந்தது. அதோடு மூச்சும் வந்தது. வந்துகொண்டே இருந்தது. அவன் விடவில்லை. அதுவாகப் போனது. அடுத்ததை இழுக்க வாயைத் திறந்தான். ஒன்றும் உள்ளே வரவில்லை.

கட்டில் அவன் கண்ணுக்கு நேரே இருந்தது. விரித்த விரிப்பு. அதன் மேல் யாரும் இல்லை. அதன் அடியிலும் யாரும் இருக்க முடியாது, அத்தனை தட்டையாகக் கிடந்தது.

நடுவில் விரிப்பு உயர்ந்தது. மெல்ல. மூச்சு இழுக்கும் நெஞ்சு போல.

ஒரு நெஞ்சு உயரக்கூடிய அளவுக்கு உயர்ந்தது.

நிற்கவில்லை. இன்னும் உயர்ந்துகொண்டிருந்தது.