நவமியன்று மூடிய வாசல்

"சார், திரும்பவும் செத்துப்போச்சு!"

நவமிக் காலை. வெளியே லேக் மார்க்கெட் பூஜைப் பந்தலில் கொட்டு முழங்கியதால் மாதவி அதை இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

வெங்கடநாராயணன் டெலிபோன் இலாகாவில் முப்பது வருஷம் பழுது தேடி ஓய்வு பெற்றவர். அவளை வீட்டுக்குள் அழைத்து உட்காரச் சொன்னார். அவருடைய தம்பி மகளும் வக்கீலுமான அக்ஷரா அதற்குள் நோட்டைத் திறந்துவிட்டாள். வம்பு வாசலேறி வந்தால் அவளுக்குக் காப்பிகூட வேண்டாம்.

மாதவி ஹவுராவில் ஒரு மருந்துக் குளிர்கிடங்கின் நெட்வொர்க் இன்ஜினியர். கிடங்கில் சூடு ஏறினால் போனில் எச்சரிக்கை வரும். அது கம்ப்யூட்டர்களை இணைக்கும் நெட்வொர்க் சுவிட்சுக்குள் இருக்கும் ஒரு விர்ச்சுவல் இன்டர்ஃபேஸ் வழியாகத்தான் வெளியேறும். கம்பி கிடையாது, துளை கிடையாது. கண்ணுக்குத் தெரியாத வாசல். போன மாதம், இங்கத்துத் தொழிலாளர்கள் கொண்டாடும் விஸ்வகர்மா பூஜையன்று அது மூடிக்கொண்டது. அன்றே கிடங்கும் சூடாகி, குழந்தைகளின் தடுப்பூசி அத்தனையும் வீணானது. மறுநாள் வாசல் தானாகத் திறந்துகொண்டது.

"பாஸ்வேர்டு என்கிட்டதான் இருக்கு. நான்தான் மூடினேன்னு முதலாளி சந்தானம் சார் சொல்றார். இன்னொரு தடவை நடந்தா போலீஸாம். இன்னிக்கு எட்டு பத்துக்கு மறுபடி மூடியிருக்கு, போன்ல சிவப்பு காட்டுது. தனியாப் போய்ப் பார்க்கவும் பயமா இருக்கு சார்."

"யாரோ உள்ள நுழையறாங்க பெரியப்பா!" என்றாள் அக்ஷரா.

"சுவிட்ச் அணைஞ்சுதாம்மா?" என்றார் அவர்.

"இல்ல சார். தொண்ணூறு நாளா ஓடுது. யாரும் லாகின் பண்ணலை."

"அந்த வாசலைச் சேர்ந்த சாதனங்கள்?"

"பேக்கிங் ஹால் லேபிள் பிரிண்டர் ஒண்ணுதான்."

அவர் உடனே செருப்பை மாட்டினார்.

ஆற்றைக் கடக்கும் படகில் மாதவி போனையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஹவுராவில் பட்டறைகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. கிடங்கின் கதவு மட்டும் திறந்திருந்தது. அக்ஷரா பெரியப்பாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே வேட்டியில் நின்றவர் சந்தானம். விரல் நுனிகளில் சந்தனம் காய்ந்திருந்தது. பக்கத்தில் துடைத்து, பொட்டும் பூவும் வைத்த பிரிண்டர். அதன் விளக்கு எரியவில்லை.

"எந்த தைரியத்துல வந்தே?" என்று மாதவியிடம் சீறினார்.

"விஸ்வகர்மா பூஜையன்னிக்கு ஆளுங்க மிஷினையெல்லாம் நிறுத்திப் பொட்டு வெச்சாங்க இல்லையா?" என்றார் வெங்கடநாராயணன் நிதானமாக. "இன்னிக்கு ஊரே லீவு. ஆயுத பூஜைன்னு ஒரு தமிழர் மட்டும் வந்து அதையே செஞ்சிருக்கார்."

"ஈரத்துணி படுமேன்னு பிளக்கைப் பிடுங்கினேன். அது வெறும் பிரிண்டர் சார்!"

"அந்த வாசலுக்கு உயிரோட இருந்த ஒரே சாதனம் அதுதான். ஒண்ணுமே இல்லேன்னா சுவிட்ச் வாசலைத் தானே மூடிடும்."

"ஐயோ, எனக்கு இது தோணலையே!" என்றாள் மாதவி.

"பயத்துல எப்படித் தோணும்? சந்தானம், குளிர் மிஷினுக்கும் பொட்டு வெச்சீங்களா?"

சந்தானத்தின் முகம் வெளுத்தது. "அஞ்சு நிமிஷம்னு நிறுத்தினேன்... திரும்பப் போட்டேனா?"

அக்ஷரா பிரிண்டரின் பிளக்கைச் செருகினாள். சில நொடிகளில் மாதவியின் போன் அலறியது. ஏழு புள்ளி எட்டு டிகிரி. எட்டைத் தாண்டினால் மருந்தெல்லாம் குப்பை.

சந்தானம் வேட்டி தடுக்க ஓடினார். உள்ளே யந்திரம் உறுமியது. ஏழு புள்ளி ஒன்பது. அவர் திரும்பி வந்ததும் நால்வரும் மூச்சுவிடாமல் போனையே பார்த்தார்கள். எண் நெடுநேரம் அசையவில்லை. பிறகு ஏழு புள்ளி எட்டு. மாதவி தரையில் உட்கார்ந்து அழுதாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு சுவிட்சில் ஒரே ஒரு வரிக் கட்டளை சேர்த்தாள்: சாதனம் ஒன்றும் இல்லாவிட்டாலும் வாசல் திறந்தே இருக்க வேண்டும்.

"இப்ப பிரிண்டரைப் பிடுங்குங்க சார்."

சந்தானத்தின் கை போகவில்லை. அவளே பிடுங்கினாள். போனில் வாசல் பச்சையாகவே இருந்தது.

சந்தானம் சட்டைப் பையிலிருந்து, அவள் மேல் எழுதி வைத்திருந்த போலீஸ் புகாரை எடுத்து நீட்டினார். "நீயே கிழிச்சுடும்மா."

மாதவி அதை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள். "இருக்கட்டும் சார். அடுத்த பூஜைக்கு யாரும் நிறுத்தாதபடி குளிர் மிஷின் மேல ஒட்டறேன்."