சாவியக்கா பார்த்த ஐந்து

செவ்வாய்க்கிழமை. பிற்பகல் மணி 3.30.

பகல் ஒரு மணிக்கு வெளியே போயிருந்த வயலின் வாத்தியார், எட்டாம் எண் வீட்டைத் திறந்து உள்ளே வந்தார், செருப்பைக் கழற்றினார், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார், அலமாரி மேல் கையை நீட்டினார். கை வெறும் பலகையைத் தொட்டது. வயலின் பெட்டி இல்லை.

கட்டிலுக்கு அடியில் பார்த்தார். குளியலறையில்கூடப் பார்த்தார். பதறிப்போன மனிதன் எங்கே வேண்டுமானாலும் தேடுவான். பூட்டு உடையவில்லை, ஜன்னல் கம்பி வளையவில்லை. வியாழக்கிழமை மாணவர்களோடு மேடை ஏற வேண்டியவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மணி 4.00. ஏட்டு முன்னால் வர, இன்ஸ்பெக்டர் பின்னால் மூச்சு வாங்கியபடி ஏறி வந்தார். மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது. இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கு முழங்கால் வலி வேறு.

"திருடறவனுக்குக் கீழ் வீடே கிடைக்கலையா?" என்றார். பிறகு வேலைக்கு வந்தார். "இந்தப் பூட்டுக்கு எத்தனை சாவி?"

"ரெண்டு மேடம். ஒண்ணு எங்கிட்ட. இன்னொண்ணு எதிர்வீட்டு சாவியக்காகிட்ட."

"சாவியக்காவா?"

"ஏழாம் நம்பர். அவங்க வெளிய போறதே இல்ல. பதினாலு மாசம் ஆச்சு. எப்பவும் வீட்டுல ஆள் இருக்கறதால, எல்லார் வீட்டு மாத்துச் சாவியும் அவங்ககிட்டதான் இருக்கும்."

"வேற யாராவது மேல சந்தேகம்?"

"யாரைச் சொல்றது? வாசிக்கிற சத்தம் பிடிக்காதவங்க உண்டு. ஆனா அதுக்காகத் திருடுவாங்களா?"

கீழே வாட்ச்மேனிடம் கேமரா இருந்தது. பகல் ஒன்று முதல் மூன்றரை வரை கேட்டைத் தாண்டியவர்கள் நான்கு பேர். யார் கையிலும் வயலின் நுழையும் அளவுக்குப் பை இல்லை. மொட்டைமாடியிலிருந்து பக்கத்துக் கட்டடத்துக்குத் தாவ வழி இல்லை. இன்ஸ்பெக்டர் அதைக் குறித்துக்கொண்டார்.

மணி 4.15. ஏழாம் எண்.

ஏட்டு உள்ளே கால் வைத்ததும் "ஐயோ!" என்றார். மேசைமேல் ஒரு தலை இருந்தது. மரத்தலைதான். அதன்மேல் வலைத்துணி, வலையில் பாதி தலைமுடி. சாவியக்காவுக்கு விக் கட்டும் தொழில். வைத்தியத்தில் முடி கொட்டியவர்களுக்காக, கொக்கி ஊசியால் ஒவ்வொரு முடியாகக் கட்டுவார். நாற்பது வயது இருக்கும். தங்கையோடு இருக்கிறார். தங்கை பேக்கரி வேலை முடிந்து ஆறு மணிக்கு வருவாள்.

கதவுக்குப் பக்கத்துச் சுவரில் ஆணிகள், ஆணிகளில் சாவிகள், ஒவ்வொன்றுக்கும் மேல் வீட்டு எண். எட்டாம் எண் சாவி அதனிடத்தில் தொங்கியது.

"ஒண்ணுலேர்ந்து மூணரை வரைக்கும் எங்க இருந்தீங்க?"

"இங்கதான்."

"வெளிய?"

"நான் வெளிய போறதில்லைங்க. எல்லாருக்கும் தெரியும்."

சொல்லும்போதே அவர் கண் மேசையோரத்து நோட்டுப் புத்தகத்துக்குப் போய் வந்தது. இன்ஸ்பெக்டர் அதையும் பார்த்தார்.

மணி 4.25. இரண்டாம் மாடி, ஆறாம் எண். வாத்தியாருக்கு நேர் கீழ்வீடு. அங்கே இருப்பவர் கட்டடச் சங்கத்தின் செகரட்டரி. ஓய்வு பெற்றவர், தனிக்கட்டை. தண்ணீர்த் தொட்டி, மோட்டார், விளக்கு எல்லாம் அவர் பொறுப்பு.

"மத்தியானம் நீங்க எங்க சார் இருந்தீங்க?"

"வீட்டுலதான். சாப்பிட்டுப் படுத்திருந்தேன். நாலு மணி வரைக்கும் வெளிய தலை காட்டல."

"ஏதாவது கவனிச்சீங்களா?"

"அடுத்தவங்களைப் பத்திப் பேசறது என் பழக்கமில்ல மேடம்." உடனே பேசினார். "ரெண்டரைக்கு மேல இருக்கும். வாசல்ல யாரோ மூச்சு வாங்கற சத்தம். கதவு ஓட்டை வழியா பாத்தேன். எதிர்ச் சுவர்ல சாஞ்சுட்டு அவ நிக்கிறா."

"யாரு?"

"ஏழாம் நம்பர்! வெளியவே வரமாட்டாளாம், வியாதியாம். நின்னுக்கிட்டு ஒரு நோட்டுல ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நம்பர் போட்டு எழுதறா. எந்தெந்த வீட்டுல என்னென்ன இருக்குன்னு லிஸ்ட் எடுத்தாளோ என்னமோ? இத்தனை நாளா நம்ம எல்லாரையும் ஏமாத்தியிருக்கா."

ஏட்டு இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். கேஸ் முடிந்தது என்று அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

மணி 4.35. மறுபடியும் ஏழாம் எண்.

"அம்மா, எங்கிட்ட பொய் சொல்லிட்டீங்க. ரெண்டரைக்கு நீங்க ரெண்டாம் மாடியில நின்னதைப் பாத்த ஆள் இருக்கு."

சாவியக்காவின் முகம் வெளுத்தது. கை நடுங்கியது. நெற்றியில் குப்பென்று வியர்த்தது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் தவித்தார்.

"பாத்தீங்களா மேடம், திருட்டு முழி," என்றார் ஏட்டு.

"சும்மா இருய்யா. அம்மா, ஆம்புலன்ஸ் கூப்பிடட்டுமா?"

"வேணாம்... இது... செத்துடுவேன்னுதான் தோணும். சாக மாட்டேன். பத்து நிமிஷம். நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். மணி மட்டும் சொல்லுங்க."

எத்தனையோ பேரை விசாரித்த இன்ஸ்பெக்டர் வாழ்க்கையில் முதல் தடவையாக, குற்றம் சாட்டப்பட்டவர் சொன்ன வேலையைச் செய்தார். மணி சொன்னார். 4.37. 4.39. 4.42-இல் நடுக்கம் குறைந்தது. 4.46-இல் சாவியக்கா தோளைத் தளர்த்தி நீளமாக ஒரு மூச்சு விட்டார்.

"போயிடுச்சு," என்றார்.

"என்னம்மா இது?"

"முதல் தடவை பேங்க் வரிசையில நிக்கும்போது வந்துச்சு. மாரடைப்புன்னு நினைச்சு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். நெஞ்சுல ஒரு கோளாறும் இல்லன்னுட்டாங்க. இது உடம்பு அடிக்கிற பொய் அலாரம். ஆனா பேங்க்குக்குப் போனா மறுபடி வருமோன்னு பேங்க்கை விட்டேன். அப்புறம் பஸ்ஸை விட்டேன். அப்புறம் தெருவை, அப்புறம் படிக்கட்டை. ஒவ்வொண்ணா விட்டு விட்டு, கடைசியில இந்த வீடு மட்டும்தான் மிச்சம்."

"அப்போ இன்னிக்கு?"

"டாக்டரம்மா போன்ல பேசுவாங்க. ஓடறதுதான் தப்புன்னு சொன்னாங்க. பயம் வந்தா அங்கேயே நிக்கணும், அது தானா ஏறித் தானா இறங்கும், ரெண்டு தடவை பாத்துட்டா அதுக்கே அலுத்துடும்னாங்க. போன வாரம் வாசல். நேத்து பாதிப் படி. இன்னிக்கு ரெண்டாம் மாடி. தங்கச்சிக்குக்கூடச் சொல்லல. சொல்லிட்டு முடியாமப் போச்சுன்னா அவ முகத்தை என்னால பாக்க முடியாது. அதான் உங்ககிட்டயும் மறைச்சேன்."

கண் கலங்கியது. "வெளிய கால் வச்ச உடனே திருட்டுப் பட்டம். இனிமே நான் இந்தக் கதவைத் திறப்பேன்னு நினைக்கிறீங்களா?"

இன்ஸ்பெக்டர் மேசைப் பக்கம் திரும்பினார். நோட்டை எடுத்தார். கோணல்மாணலாக, ஒவ்வொன்றும் கட்டைவிரல் அளவு எழுத்து. கை நடுங்கும்போது சின்ன எழுத்து வராது.

*செவ்வாய். 2.36. இரண்டாம் மாடி, ஆறாம் எண் எதிரே. பயம்: பத்துக்கு எட்டு. பார்ப்பவை ஐந்து:*
*1. சிவப்பு மணல் வாளி.*
*2. செத்த கரப்பான்.*
*3. ஆறாம் எண் கதவில் பித்தளைப் பூட்டு.*
*4. சுவரில் ஈரக்கறை.*
*5. என் கால் கட்டைவிரல்.*
*2.50. பயம்: மூன்று. ஏறுகிறேன்.*

"இது எதுக்கு?"

"மனசு உள்ளே சுத்தும்போது, கண்ணுக்கு வெளிய வேலை கொடுக்கணும். கண் முன்னால இருக்கற அஞ்சைப் பாத்து எழுதணும். எழுதினதை உடனே போட்டோ எடுத்து டாக்டரம்மாவுக்கு அனுப்பிடுவேன்."

அந்தப் போட்டோ போனில் இருந்தது. அனுப்பிய நேரம் 2.52. வயலின் காணோம் என்று கட்டடத்துக்கே தெரிந்தது மூன்றரைக்கு மேல்.

"கீழ இறங்கும்போது உங்க கதவைப் பூட்டினீங்களா?"

"பூட்டறதா? விரியத் திறந்து போட்டிருந்தேன். தாங்கலைன்னா ஓடி வரணுமே!"

இன்ஸ்பெக்டர் சுவரில் தொங்கிய சாவிகளைப் பார்த்தார். பிறகு சிரித்தார். முழங்கால் வலியை மறந்து எழுந்தார்.

மணி 5.05. ஆறாம் எண். வாத்தியாரும் கூட வந்தார்.

"சார், ஒரு டம்ளர் தண்ணி."

செகரட்டரி சமையலறைக்குப் போனார். இன்ஸ்பெக்டர் கதவைச் சாத்திவிட்டுத் துளையில் கண்ணை வைத்தார். எதிர்ச் சுவரில் சாய்ந்து, அவர் சொல்லி வைத்தபடி, ஏட்டு நோட்டைப் பிடித்து எழுதிக்கொண்டிருந்தார். ஏட்டின் மூக்கு தெரிந்தது. தொப்பை தெரிந்தது. நோட்டின் நீல அட்டை தெரிந்தது. எழுத்து மட்டும் தெரியவில்லை.

"வாங்க சார், நீங்களும் பாருங்க. ஏட்டு என்ன எழுதறார்?"

செகரட்டரி தண்ணீர் டம்ளரோடு வந்து குனிந்து பார்த்தார்.

"அட்டைதான் தெரியுது, இல்லையா? எழுதறவங்க முகத்தைப் பாக்கற பக்கம் நின்னா அட்டைதான் தெரியும். நம்பர் போட்டு எழுதினது தெரியணும்னா மேலேர்ந்து பாக்கணும். மூணாம் மாடிக் கைப்பிடியைப் பிடிச்சுக் குனிஞ்சா நோட்டுல எழுதறது பளிச்சுன்னு தெரியுது. நானே இப்பத்தான் பாத்துட்டு வரேன்."

"அது... ஏதோ ஊகத்துல சொன்னேன்."

"சரி, ஊகம். ரெண்டு முப்பத்தாறுக்கு உங்க கதவுல வெளிப்பக்கம் பூட்டுத் தொங்கிச்சு. அந்தம்மா எழுதி அனுப்பியிருக்காங்க. நீங்க தனிக்கட்டை. உங்களை உள்ள வச்சு வெளிய பூட்டினது யாரு?"

செகரட்டரி டம்ளரை மேசைமேல் வைத்தார். கண் வாசல் பக்கம் போனது.

"நானே சொல்றேன். தொட்டியைப் பாக்க மொட்டைமாடிக்குப் போனீங்க. இறங்கும்போது, எப்பவும் சாத்தியிருக்கற ஏழாம் நம்பர் கதவு திறந்து கிடந்தது. எட்டிப் பாத்தா அந்தம்மா கீழ நிக்கிறாங்க. சுவர்ல சாவி, கூடவே நம்பர். எடுத்தீங்க, திறந்தீங்க, பெட்டியைத் தூக்கினீங்க, சாவியைத் திரும்ப மாட்டினீங்க, மறுபடி மேல ஏறினீங்க. கேட் வழியா எதுவும் போகல. மேல இருக்கறது மோட்டார் அறை ஒண்ணுதான். அதுக்குச் சாவி யார்கிட்ட இருக்கு?"

செகரட்டரி பொத்தென்று உட்கார்ந்தார்.

"ஏழு வருஷம் மேடம்! தினமும் அதே பாட்டு! அந்தப் பசங்க தினமும் அதே இடத்துல தப்பு விடறாங்க! எத்தனை தடவை எழுதிக் கொடுத்தேன்! ஒரு வாரம் நிம்மதியாத் தூங்கிட்டுத் திருப்பி வச்சிருப்பேன், சத்தியமா!"

"அந்த இடம் எனக்கும் தெரியும்," என்றார் வாத்தியார், மெதுவாக. "எனக்கும் பத்திக்கிட்டுதான் வரும்."

இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடி போய்விட்டது. "வயலின் விஷயம் மட்டும்னா நீங்க ரெண்டு பேரும் பேசித் தீத்துக்கங்கன்னு விட்டிருப்பேன் சார். ஆனா மேலேர்ந்து பாத்தப்ப அந்தம்மா சுவத்தைப் பிடிச்சுட்டு நின்னது உங்களுக்குத் தெரிஞ்சுது. உசிரைக் கையில பிடிச்சுட்டு நின்ன பொம்பளை மேல பழியைத் தூக்கிப் போட்டீங்க. அதுக்கு நீங்க ஸ்டேஷனுக்கு வந்துதான் ஆகணும்."

ஏட்டு செகரட்டரியைக் கீழே வண்டிக்கு அழைத்துப் போனார். மோட்டார் அறையில், பழைய சாக்குக்கு அடியில், வயலின் பத்திரமாக இருந்தது. வாத்தியார் நான்கு தந்தியையும் தட்டிப் பார்த்துவிட்டு, நேரே ஏழாம் எண்ணுக்கு இறங்கினார்.

"அம்மா, ஒரு நிமிஷம் நானும் உங்களைச் சந்தேகப்பட்டுட்டேன். மன்னிச்சுடுங்க. சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்."

சாவியக்கா அழுதுவிட்டார். நிம்மதி வந்தாலும் அழுகைதான் முதலில் வரும்.

"அப்பாடா!" என்றார் இன்ஸ்பெக்டர். "உங்க வாக்குமூலத்துல ஒரு கையெழுத்து வேணும். பேப்பர் வண்டியில இருக்கு. ஏட்டு கொண்டு வருவார்."

"வண்டி எங்க நிக்குது?"

"கேட்டுக்கு வெளிய."

சாவியக்கா எழுந்து செருப்பைத் தேடினார். "ஏட்டு ஐயாவுக்கு எதுக்குச் சிரமம்? நான் வரேன். ஆனா நேரமாகும்."

மணி 5.30. இரண்டாம் மாடி வரை பழகிய படி. அதற்குக் கீழே புதியது. முதல் மாடியில் கால் நின்றது, மூச்சு முட்டியது, வியர்வை கொட்டியது. இன்ஸ்பெக்டர் பக்கத்துப் படியில் முழங்காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தார்.

"திரும்பிடலாமா?"

"வேணாம். மணி சொல்லுங்க."

5.38. 5.41. 5.45. பிறகு மீதிப் படிகள். வாட்ச்மேன் எழுந்து நின்றான். பதினாலு மாதத்துக்குப் பிறகு அவனை நேரில் பார்த்த சாவியக்கா, தொப்பை போட்டிருக்கிறதே என்று கேட்டார். வண்டியின் முன்பக்கத்தில் காகிதத்தை வைத்து 5.53-க்குக் கையெழுத்துப் போட்டார்.

மணி 6.00. தெருவில் பேக்கரிப் பையோடு வந்த தங்கை போலீஸ் வண்டியைப் பார்த்தாள். ஓடி வந்தாள். வண்டிக்குப் பக்கத்தில் நின்ற ஆளைப் பார்த்ததும் பை கீழே விழுந்தது.

"அக்கா! உனக்கு என்ன ஆச்சு? யார் உன்னை இழுத்துட்டு வந்தது?"

"யாரும் இழுக்கல. நான்தான் இறங்கினேன்."

"நீ தெருவுல நிக்கிற அக்கா!"

"தெரியுதுடி, கத்தாத. ஏற்கெனவே நெஞ்சு அடிச்சுக்குது."

தங்கை கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தாள், அழுதாள், "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே" என்று முதுகில் இரண்டு அடியும் வைத்தாள். இன்ஸ்பெக்டர் வண்டிக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். அடுத்தவர் அழும்போது அவருக்கும் அழுகை வரும், அது வெளியே நிற்கும் ஏட்டுக்குத் தெரியக் கூடாது.

வண்டி போனதும் சாவியக்கா தெருக்கோடியைப் பார்த்தார்.

"முக்குல பழக்கடை இருந்துச்சே, இன்னும் இருக்கா?"

"அதை எடுத்துட்டாங்கக்கா. இப்ப செல்போன் கடை. நாளைக்குக் காட்டறேன், வா மேல போகலாம்."

"நாளைக்கு என்ன நாளைக்கு? கையைப் பிடிக்காத. கூட மட்டும் வா."

தங்கை பையை எடுத்துக்கொண்டு கூட நடந்தாள்.