எல்லாருக்கும் எழுதும் உரிமை

காலை ஒன்பது மணிக்கு நெட்டையன் மருத்துவமனையின் அடித்தளத்துக்கு இறங்கினான். யார் யார் ஊழியர், யாருக்கு எந்தக் கதவு திறக்கும் என்ற பட்டியலைப் புது சர்வர்களுக்கு மாற்றும் வேலை அவனுடையது. பழைய சர்வர் மருந்துக் கிடங்கின் மூலையில் கிடந்தது. ஈரமும் ஸ்பிரிட்டும் கலந்த வாடை.

அந்த அறைக்கு வர அவனுக்குக் கொஞ்சமும் இஷ்டமில்லை. போன வருடம், கிடங்கில் வேலை பார்த்த இருமல்காரர் செத்தது இங்கேதான். ஆஸ்துமாக்காரர், வேலையை விட்டு நீக்கியிருந்தார்கள். அவர் சாமானை எடுத்துக்கொண்டு வெளியே வரும்வரைகூடப் பொறுக்காமல், நெட்டையன் பட்டியலிலிருந்து அவர் பெயரை அழித்தான். உள்ளேயிருந்து திறக்கவும் அட்டை வேண்டும். கதவு அவர் அட்டையை மதிக்கவில்லை. பத்து நிமிடம் தட்டினாராம். மேலே நம் நெட்டையத் துரை காதில் பாட்டை மாட்டிக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

சர்வர்கள் ஒன்றையொன்று நகலெடுக்க இரண்டு வழி. ஒன்று மட்டும் எழுத, மற்றவை அதைப் பார்த்து எழுதலாம். அல்லது எல்லாமே எழுதலாம். எது எதை மாற்றினாலும் எல்லாவற்றிலும் மாறும். முதல் வழி பத்திரம், ஆனால் இரண்டு நாள் இழுக்கும்.

"எல்லாத்துக்கும் எழுதுற உரிமை குடுத்துட்டேன் சார். மத்தியானமே முடிஞ்சிரும்," என்றான் போனில் மேலதிகாரியிடம்.

"பழசு தொல்லை பண்ணாதே?"

"பட்டியலை எடுத்ததும் பிளக்கைப் பிடுங்கிட்டேன் சார்."

பிடுங்கித்தான் இருந்தான்.

மத்தியானம் மேலே தன் அறையில் பார்த்தபோது பட்டியலில் இருமல்காரர் பெயர் இருந்தது. அழித்தான். மறுபடி வந்தது. எழுதியது யாரென்று பார்த்தான். பிளக்கைப் பிடுங்கிய அடித்தள சர்வர்.

இன்னொரு முறை அழித்தான். அவர் பெயர் போகவில்லை. அதே மருத்துவமனையில் நர்ஸாக இருக்கும் அவன் மனைவியின் பெயர் போயிற்று.

போன் அடித்தது.

"என்னங்க, மருந்தெடுக்கக் கிடங்குக்குள்ள வந்தேன். வெளிய வரக் கதவு திறக்கல. மூச்சு முட்டுதுங்க."

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினான். ஆட்களைக் கத்தி அழைத்துவிட்டு, இரும்புக் கதவின் முன் உட்கார்ந்து அவள் பெயரை எழுதினான்.

அழிந்தது.

எழுதினான்.

அழிந்தது.

முதல் வழியைத் தேர்ந்திருந்தால் பழைய சர்வரின் பேச்சு எடுபட்டிருக்காது. இப்போது அதற்கும் அவனுக்கும் சம உரிமை. பாவி, இரண்டு நாள் பொறுத்திருக்கலாம்.

உள்ளே யாரோ இருமினார்கள்.

அது அவள் இருமல் அல்ல.

"உள்ள யாரு?" என்று போனில் கிசுகிசுத்தான்.

"ஒருத்தர் பக்கத்துல நிக்கிறார்ங்க." அவள் குரல் தேய்ந்திருந்தது. "பயப்படாதம்மா, பத்து நிமிஷந்தான்னு சொல்றார்."

ஆட்கள் கடப்பாறையோடு வந்து கதவைப் பெயர்த்தபோது பதினோரு நிமிடம் ஆகியிருந்தது. அவளைத் தூக்கிவந்து தரையில் கிடத்தினார்கள். மூச்சு இல்லை. அவளைத் தவிர உள்ளே யாரும் இல்லை.

நெட்டையன் திரையைப் பார்த்தான். புது சர்வர் எதிலும் அவள் பெயர் இல்லை. அடித்தள சர்வரின் பட்டியல் மட்டும் தானாகத் திறந்திருந்தது. அதில் இரண்டே பேர். இருவரும் உள்ளே இருப்பதாகக் காட்டியது.