இறங்கிக் கிடந்த ஹை-ஹேட்

மூன்றாவது நாளும் அது இறங்கிக் கிடந்தது.

டிரம் செட்டின் இடப்பக்கம், ஒரு கம்பியில் இரண்டு பித்தளைத் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். ஹை-ஹேட் என்று பெயர். நேற்றுப் போகும்போது ஜெப்சி அதை ஏற்றி வைத்து, அந்த உயரத்துக்குச் சுவரில் சாக்பீஸ் கோடும் போட்டிருந்தாள். இன்று தட்டுகள் கோட்டுக்கு ஒரு சாண் கீழே நின்றன.

"ஆரும் வரல்ல மக்கா," என்றார் வேதக்கோயிலைத் திறந்துவிட்ட தங்கப்பன் மாமா. "சாவி என் மடியிலல்லா கெடக்கு."

"அப்போ பேயாக்கும்," என்றாள் கூடவே டிரம்ஸ் படிக்கும் ஜின்சி. "உன் அடி அதுக்குப் பிடிக்கல்ல, ஏட்டி."

பிடிக்காமல் போக நியாயம் இருந்தது. பாடகர் குழுவுக்கு டிரம்ஸ் சொல்லித்தரும் ஷாஜன் அண்ணனின் முறை ஒன்றுதான். வலது கை குறுக்கே போய் ஹை-ஹேட்டை அடிக்க வேண்டும். இடது கை அதற்கு அடியில் டிரம்மை அடிக்க வேண்டும். ஜெப்சியோ இடக்கைக்காரி. அவள் இடது கை வேகமாக மேலே எழும்பி, குச்சியும் குச்சியும் 'டக்'கென்று முட்டும்.

"இடது கையால நேரா ஹை-ஹேட்டை அடிச்சா முட்டாதுல்லா அண்ணா?"

"குறுக்கே போடாம கைய விரிச்சு வச்சு அடிச்சா பாக்கிறவன் சிரிப்பான், பிள்ளே. நாளைக்கும் முட்டிச்சுன்னா அறுப்பின் பண்டிகைக்கு ஜின்சி வாசிக்கட்டும்."

பண்டிகை ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் வெள்ளி.

அன்று மழை இருட்டு. பள்ளிக்கூடத்தைச் சீக்கிரமே விட்டுவிட்டார்கள். மூன்று மணிக்கே ரப்பர் தோட்டத்துக்குள் அந்தி விழுந்தது போலிருந்தது. ஜெப்சி தனியாகக் கோயில் வாசலுக்கு வந்தாள். கதவில் பூட்டு தொங்கியது.

உள்ளே டிரம்ஸ் ஒலித்தது.

மெதுவாக, ஒரே சீராக, யாரோ மூச்சு விடுவது போல. ஜெப்சியின் கை மயிர் சிலிர்த்தது. திரும்பி ஓடத்தான் நினைத்தாள். ஆனால் காது போகவிடவில்லை. இவ்வளவு நேரத்தில் ஒரு 'டக்' கூட இல்லை. பேயே ஆனாலும் எப்படித்தான் முட்டாமல் அடிக்கிறது?

உடைந்த ஜன்னல் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தாள். இருட்டுக்குள் முதலில் இரண்டு கைகள் மட்டும் தெரிந்தன. உடம்பே இல்லாதது போல மிதந்தன. இடது கை தாழ்ந்த ஹை-ஹேட்டின் மேல். வலது கை டிரம்மின் மேல். இரண்டும் ஒன்றையொன்று கடக்கவே இல்லை.

மின்னல் வெட்டியது.

ஷாஜன் அண்ணன். கண்களை மூடியிருந்தார். பின்னால் பாடகர் அறையின் சின்னக் கதவு ஒருக்களித்துக் கிடந்தது.

ஜெப்சி கூப்பிடவில்லை. கல்யாணப் பந்தியில் இடக்கையை மடியில் ஒளித்துக்கொண்டு சாப்பிடுகிறவள் அவள். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள் என்ற பயம் அவளுக்குத் தெரியும். பஸ் ஸ்டாப்பில் போய், பயிற்சி தொடங்கும் நான்கு மணி வரை உட்கார்ந்திருந்தாள்.

நான்கு மணிக்கு எல்லோரும் கூடினார்கள்.

"பாத்தியா, இன்னைக்கும் எறங்கிக் கெடக்கு," என்றாள் ஜின்சி.

ஷாஜன் அண்ணன் இருமினார். ஹை-ஹேட்டை ஏற்றுவதற்குத் திருகைப் பிடித்தார்.

"அண்ணா, அது அங்கயே நிக்கட்டும்," என்றாள் ஜெப்சி. "கைய விரிச்சு அடிக்க இந்த உயரந்தான் தோது. ஆரு எறக்கி வச்சாலும், நல்லா அடிக்கத் தெரிஞ்சவங்கதான்."

அவர் அவளைப் பார்த்தார். சுவரில் இருந்த கோட்டைப் பார்த்தார். கை திருகிலிருந்து மெல்ல விலகியது.

"வாசி, பாப்போம்."

ஜெப்சி கைகளை விரித்து வாசித்தாள். குச்சிகள் முட்டவில்லை. பாடகர் குழுவின் பின்வரிசையில் நின்ற ஜெபிஷ் மட்டும் கெக்கெக்கென்று சிரித்தான்.

"சிரிக்காத ஏலே," என்றார் ஷாஜன் அண்ணன். பிறகு கொஞ்சம் தணிந்த குரலில், "எனக்கும் இடக்கைதான்."

"அப்போ பேய்?" என்று ஜின்சி காதைக் கடித்தாள்.

"அது நல்லா வாசிக்கும்," என்றாள் ஜெப்சி.

ஞாயிற்றுக்கிழமை முதல் பாட்டுக்கு ஜெப்சி வாசித்தாள். இரண்டாவது பாட்டுக்கு எழுந்து, குச்சிகளை இடது கையால் நீட்டினாள். ஷாஜன் அண்ணன் இடது கையால் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். நடுவில் ஹை-ஹேட்டை யாரும் ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை.