பத்துக் கொக்கிகள்

காலையில் மாட்டிய கையுறை மதியத்துக்குள் தொளதொளத்துப் போயிருந்தது. வழக்கமான அளவுதான்; ஆனாலும் விரல்நுனிகளில் மட்டும் ரப்பர் காலியாக மடங்கியது. நேற்று பஸ் கம்பியில் உரசி, இடது கட்டைவிரலின் மெரூன் நகச்சாயம் பெயர்ந்ததைத் தவிர காலையில் பார்த்தபோது விரல்களுக்கு ஒரு குறையும் இல்லை. வெளியே மழை. குளிர்பெட்டியின் ரீங்காரமும், சிங்க்கில் குழாய் சொட்டுவதும், ஜாடிகளிலிருந்து கசியும் ஸ்பிரிட் வாடையுமாக ஆய்வுக்கூடமே அவள் தொண்டையில் ஏறி உட்கார்ந்திருந்தது.

"அக்கா, கொஞ்சம் வாங்களேன்!"

குட்டி. வேலைக்குச் சேர்ந்து முதல்முறை கடலில் முழுகியபோதே இறகு நட்சத்திரம் என்ற கடலுயிர் ஒன்றோடு மேலே வந்தவள். பறவை இறகு மாதிரிக் கைகள்; அடியில், பாறையைப் பற்ற மெல்லிய கொக்கிகள். "புது இனம் போலத்தான் இருக்கு. விவரிச்சு எழுதி நீயே பேர் வைம்மா" என்றார் துறைத் தலைவர். சீனியரான அவளுக்கோ வருஷக்கணக்காக முழுகி, காது அடைத்ததுதான் மிச்சம். ஒரு புழுவுக்குக்கூட அவள் பேர் வைத்ததில்லை. அன்று எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டினாள். வயிறு எரிந்தது.

இது புது இனமா என்பதைக் கொக்கிகள்தான் சொல்லும். நேற்று மாலை குட்டி கிளம்பியதும், அவள் இடுக்கியால் அத்தனையையும் பிடுங்கி சிங்க்கில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டாள்.

"கொக்கியப் பாத்தீங்களாக்கா?" மைக்ரோஸ்கோப்பிலிருந்து நிமிர்ந்தாள் குட்டி.

அவள் கையுறையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டாள். "ஏன், இல்லையா?"

"இல்லாம என்ன? பத்து இருக்கு. எந்தப் புத்தகத்துலயும் இப்படி இல்ல. ஆனா நீங்க பாத்துச் சொன்னாத்தான் நம்புவேன்."

செத்து ஸ்பிரிட்டில் ஊறிய உயிர். மறுபடி முளைக்காது. முளைக்கவே முளைக்காது.

அவள் லென்ஸின் மேல் குனிந்தாள்.

"நான் எழுதிக்கறேன், சரியான்னு பாருங்க. நுனியில நகம். மெரூன் நிறம். ஒண்ணுல மட்டும் ஓரத்துல நிறம் பெயர்ந்திருக்கு."

லென்ஸிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. பார்க்காமலே இடது கையுறையை உரித்தாள். தடவினாள். ரத்தமில்லை. வலியில்லை. நகங்களைக் காணோம்; விரல்கள் ஐந்தும் நுனியற்று, வழவழவென்று முடிந்திருந்தன.

"புதுசுதானேக்கா? வாயத் தொறந்து சொல்லுங்களேன்!"

இடது கையை இறுக மூடிக்கொண்டாள்.

வெளிச்ச வட்டத்துக்குள் ஐந்து கொக்கிகள் மெல்ல மடங்கின.

மற்ற ஐந்தும் காத்திருந்தன.