வீட்டுக்கு வாங்க

பின் சீட்டு அத்தனையும் காலியாகக் கிடக்க, வினோதா மட்டும் எதற்காகக் கதவோடு கதவாக ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று அருணாவுக்கு விளங்கவே இல்லை.

"ஏன் சாமி, தாராளமா தள்ளி உக்காரேன்."

"எடம் பத்தாதும்மா," என்றாள் ஐந்து வயசு வினோதா. அவ்வளவுதான்.

அஞ்செட்டிக்கு அந்தப் பக்கம், ஏரிக்கரையில் ஒரு சின்ன ஊர். துணி துவைக்கப் போய் ஏரியில் விழுந்து செத்த தன் அக்கா மாதேஸ்வரியை அங்கே மண்ணுக்குள் வைத்துவிட்டு, பெண்டாட்டி பிள்ளையோடு ஓசூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தான் மோகன்குமார். உச்சி வெயில்தான். ஆனாலும் மலைப்பாதையின் இரண்டு பக்கமும் மூங்கில் குனிந்து, வெளிச்சத்தை வரிவரியாக அரிந்து கார் கண்ணாடிமேல் போட்டுக்கொண்டே வந்தது. வளைவுக்கு வளைவு மரங்களின் இடுக்கில் ஒரு ஏரித் தண்ணீர் பளிச்சென்று எட்டிப் பார்த்து ஒளிந்துகொண்டது. மூடின வண்டிக்குள் பாசி வாடையும், ஊறிப்போன சேலையின் வாடையும் கொஞ்சங்கொஞ்சமாக ஏறிக்கொண்டிருந்தன.

"குளிச்ச வேட்டிய வண்டிலயா வச்சிருக்கீங்க?"

"அத அங்கயே வுட்டுட்டேனே. ஏன்?"

"ஒண்ணுமில்ல."

ஒன்றுமில்லாமலா? கிளம்பும்போது செய்த காரியம் அவள் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. எழவு வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. எழுந்தால் நடையைக் கட்ட வேண்டியதுதான். இது அருணாவுக்குத் தெரியாததா? ஆனால் ஓசூரில், மூக்கண்டப்பள்ளி லைன் வீட்டில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகின வாய். பிணத்தைக் கிடத்தியிருந்த இடத்தில் எரிந்த விளக்கைப் பார்த்துக் கும்பிட்டவள், "போயிட்டு வரோம் அண்ணி, வீட்டுக்கு வாங்க" என்று சொல்லிவிட்டாள்.

பக்கத்திலிருந்த செல்லிக் கிழவி அவள் வாயைப் பொத்தினாள். "அடி பாவி மவளே, யாரடி கூப்புடுற?"

வண்டியில் ஏறியதும் மோகன்குமார் சிரிக்கத்தான் செய்தான். "எங்கக்கா உசுரோட இருந்தப்ப ஒரு பண்டிகைக்குக் கூப்புட்டிருப்பியா? இப்பக் கூப்புட்டிருக்க. வந்தா ஆக்கிப் போடு."

கூப்பிடாததற்குக் காரணம் இருந்தது. பிள்ளையில்லாத மாதேஸ்வரி, பார்க்கிற போதெல்லாம் வினோதாவை மடியைவிட்டு இறக்க மாட்டாள். "ஒனக்கு இன்னொண்ணு பொறக்கும். இவள எனக்குக் குடுத்துரு அருணா" என்பாள். சிரித்துக்கொண்டேதான் கேட்பாள். கண் மட்டும் சிரிக்காது.

"அம்மா, ஏசிய நிறுத்தும்மா," என்றது பின்னாலிருந்து குரல். "அத்தைக்குக் குளிருதாம்."

அருணா புருஷன் தோளைப் பிடித்தாள். "வண்டிய நிறுத்துங்க."

"இங்கயா? ஆனை போட்ட சாணில இன்னும் ஆவி அடங்கல, பாரு. பக்கத்துலதான் நிக்கும். புள்ள தூக்கத்துல ஒளறுது."

சொல்லிக்கொண்டே நடுக் கண்ணாடியில் பின்னால் பார்த்தான்.

சிரிப்பு நின்றது. வண்டி சீறியது. ஒரு கையால் கண்ணாடியை மேலே, கூரையைப் பார்க்கத் திருப்பிவிட்டான்.

"என்னங்க?"

"திரும்பாத."

"புள்ள..."

"திரும்பாத அருணா."

போனில் டவர் இல்லை. யாரைக் கூப்பிட? கூப்பிட்டு என்ன சொல்ல? பின்னால் யாரோ மெல்லத் தாலாட்டுவது மாதிரி ஒரு முனகல். சொட்டு. சொட்டு. ரப்பர் விரிப்பில் தண்ணீர்.

ஒரு வழியாக வனத்துறைச் சோதனைச் சாவடி வந்தது. கட்டை குறுக்கே கிடந்தது. காவலாளி வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு குனிந்தார்.

"எத்தன பேரு?"

"மூ... மூணு," என்றான் மோகன்குமார்.

"நல்லா எண்ணினீங்க போங்க." காவலாளி சிரித்தார். "பின்னாடி இருக்கற அம்மாவ வுட்டுட்டீங்களே. ஏம்மா, மடியில தூங்கற புள்ளைக்குத் தல தொங்குது பாருங்க, நேரா அணைச்சுப் புடிங்க."

கட்டை மேலே ஏறியது.

அருணா குதித்து இறங்கினாள். பின் கதவை இழுத்துத் திறந்தாள். குளிர்ந்த தண்ணீர் மடமடவென்று அவள் பாதத்தில் கொட்டியது. சேறு. பாசி.

வினோதா சீட்டில் உட்கார்ந்திருக்கவில்லை. சீட்டுக்கு மேலே. ஒரு மடி உயரத்தில். கண்மூடி, கால் இரண்டும் தொங்க.

"வினோதா..." என்றாள். "அம்மாகிட்ட வாடி தங்கம்."

கை நீளவில்லை. எவ்வளவு முயன்றும் நீளவில்லை.

பிள்ளை கண்ணைத் திறக்காமல், பின்னால் இல்லாத மார்பில் இன்னும் வாகாகச் சாய்ந்துகொண்டது.

"அம்மாகிட்டதான இருக்கேன்."

பிள்ளையின் ஈரக் கூந்தல் தானாக மூன்றாகப் பிரிந்தது. ஒன்றின்மேல் ஒன்றாக, இழுத்து இறுக்கி, அவசரமே இல்லாமல் பின்னிக்கொண்டே போனது.